பழைய பில்ட்டரை எறியாதீர்கள்!

ஒரு மீன் தொட்டி. அதில் ஐந்து தங்க மீன்கள். மூன்று ஆண்டுகள் சுகமாக இருந்தன. பிறகு ஒரே வாரத்தில் நாலு மீன்கள் செத்துப் போயின!

நோய் வரவில்லை. பூனை வரவில்லை. தீனி கெட்டுப் போகவில்லை. பிறகு ஏன் செத்தன?

நான் ஒரு புதிய பில்ட்டர் வாங்கினேன். அதனால் செத்தன!

இதைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும். பில்ட்டர் என்றால் வடிகட்டி. அது தண்ணீரைச் சுத்தம் செய்யும் கருவி. புதிய கருவி வந்தால் தண்ணீர் இன்னும் சுத்தமாகத்தானே இருக்க வேண்டும்? மீன் எப்படிச் சாகும்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்புதான் மீன்களைக் கொன்றது.

இன்று பல வீடுகளில் மீன் தொட்டி இருக்கிறது. காரைக்காலில் கடலும் உண்டு, அரசலாறும் உண்டு, கோயில் குளங்களும் உண்டு. ஆனாலும் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் வண்ண மீன் நீந்துவதைப் பார்ப்பதில் குழந்தைகளுக்குத் தனி இன்பம். அந்தக் குழந்தைகள் அழக்கூடாது. அதற்காகவே என் தவறை வெளியே சொல்லுகிறேன்.

நடந்தது என்ன?

எங்கள் தொட்டி 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பழைய பில்ட்டர் "கர், கர்" என்று சத்தம் போட்டது. இரவில் தூங்க முடியவில்லை. அதன் ஸ்பாஞ்சு கறுத்துக் கிடந்தது. தொட்டால் வழுவழு என்று இருந்தது.

மே மாதம். பள்ளிக்கூடம் விடுமுறை. "அப்பா! புது பில்ட்டர் வாங்கலாமா?" என்று மகள் கேட்டாள். வாங்கினோம். வேகமான பில்ட்டர். சத்தமே இல்லை.

"எப்படி மாட்டுவது?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"ரொம்ப சுலபம் சார்! பழசைக் கழற்றிப் போட்டுவிட்டு, இதை மாட்டுங்கள்" என்றார்.

மாட்டினேன். அதோடு நிற்கவில்லை. புது பில்ட்டருக்குத் தொட்டியும் புதிதாக இருக்கட்டும் என்று, கூழாங்கற்களைக் குழாயடியில் தேய்த்துக் கழுவினேன். கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டினேன். தண்ணீர் முழுவதையும் மாற்றினேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே, முதல் நாளே தண்ணீரைப் பிடித்து, திறந்து வைத்திருந்தேன். அந்த மட்டில் நான் கெட்டிக்காரன்!

பழைய பில்ட்டர் குப்பைக்குப் போய்விட்டது.

முதல் நாள், தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். மூன்றாம் நாள், மீன்கள் தீனி தின்னவில்லை. நாலாம் நாள், மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் சிவந்திருந்தது. ஐந்தாம் நாள் காலையில் இரண்டு மீன்கள் மிதந்தன. ஏழாம் நாளுக்குள் இன்னும் இரண்டு.

மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "மீன் என்னப்பா தப்பு பண்ணிச்சு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இப்பொழுது தெரியும். மீன் ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு செய்தவன் நான்தான்.

கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்கள்

மீன் மூச்சு விடுகிறது. அதன் செவுள் வழியாக அம்மோனியா என்ற பொருள் தண்ணீரில் கலக்கிறது. மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் கிடக்கும் தீனி அழுகுவதிலிருந்தும் அம்மோனியா வருகிறது. இது நஞ்சு. சிறிது சேர்ந்தாலே மீனின் செவுள் வெந்துவிடும்.

ஆற்றிலும் குளத்திலும் தண்ணீர் நிறைய. ஆகவே, நஞ்சு பரவிக் கரைந்துவிடும். தொட்டியில் தண்ணீர் கொஞ்சம். நஞ்சு எங்கே போகும்?

அதைத் தின்பதற்கு ஆள் இருக்கிறது! நுண்ணுயிர்கள்தான் அந்த ஆட்கள். பாக்டீரியா என்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. இவை நல்ல பாக்டீரியா.

இவற்றில் ஒரு கூட்டம் அம்மோனியாவைத் தின்று, நைட்ரைட்டு என்ற பொருளாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான். மீனின் இரத்தத்தைப் பழுப்பு நிறமாக்கிவிடும். அந்த இரத்தம் பிராணவாயுவைச் சுமக்காது. தண்ணீரில் பிராணவாயு இருந்தும் மீன் திணறிச் சாகும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டைத் தின்று, நைட்ரேட்டு ஆக்கும். நைட்ரேட்டு அவ்வளவு பொல்லாதது அல்ல. செடிகளுக்கு அது உரம். வாரம் ஒரு முறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அதுவும் போய்விடும். இரண்டு வேலையையும் தானே செய்யும் பாக்டீரியாவும் உண்டு என்று 2015-ம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள்.

இந்த வேலைக்காரர்கள் எங்கே குடியிருக்கிறார்கள்? தண்ணீரில் மிதப்பவை கொஞ்சமே. கல்லில், கண்ணாடியில், செடியில் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. எல்லாவற்றையும்விட அதிகமாக வாழ்வது பில்ட்டர் ஸ்பாஞ்சில்! அங்கே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். பிராணவாயு கிடைக்கும். உணவு கிடைக்கும். ஆகவே, கோடிக்கணக்கில் குடியேறிவிடும்.

நான் "அழுக்கு" என்று நினைத்தேனே, அந்த வழுவழுப்பில்தான் அவை இருந்தன. அவற்றைக் குப்பையில் கொட்டினேன். கல்லில் இருந்தவற்றைக் குழாயடியில் கழுவினேன். கண்ணாடியில் இருந்தவற்றைச் சுரண்டினேன். மீன்களை மட்டும் திரும்பத் தொட்டியில் விட்டேன். நஞ்சு உண்டாக்கும் ஐந்து பேர் இருந்தார்கள். நஞ்சு தின்னும் ஆள் ஒருவர்கூட இல்லை!

உறை மோர்

"புது ஸ்பாஞ்சில் புது பாக்டீரியா வராதா?" என்று கேட்பீர்கள். வரும். ஆனால், உடனே வராது.

சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். பால் கெடுவதைப் பாருங்கள். காலையில் காய்ச்ச மறந்தால் மாலையில் போய்விடும். ஆனால், அம்மோனியா தின்னும் பாக்டீரியா மெதுவாகப் பெருகும். ஒன்று இரண்டாவதற்குப் பல மணி நேரம் ஆகும். ஒரு நாள்கூட ஆகும். ஆகவே, ஒரு புது பில்ட்டர் முழு வேலைக்கு வருவதற்கு 4 முதல் 6 வாரம் வேண்டும். என் மீன்கள் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

இதை நான் வீட்டில் சொன்னபோது, என் மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"இவ்வளவுதானா? உறை ஊற்றாமல் பாலை வைத்துவிட்டுத் தயிர் வரவில்லை என்கிறீர்கள்!" என்றாள்.

எவ்வளவு சரி, பாருங்கள்! நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து வைக்கிறோம். இன்றைய பாலில் அதை ஊற்றுகிறோம். நாளைக்குத் தயிர் கிடைக்கிறது. பழைய தயிரை வழித்துக் கொட்டிவிட்டு, பாத்திரத்தைப் பளபளவென்று தேய்த்தால் தயிர் வருமா? பழைய ஸ்பாஞ்சுதான் உறை மோர். புது பில்ட்டர்தான் பால்.

இது சமையல் அறைப் பேச்சு மட்டும் அல்ல. விஞ்ஞானிகளும் இதையே கண்டார்கள்.

1877-ம் ஆண்டு. அப்பொழுது காரைக்கால், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. பிரான்சில் ஸ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். மணல் நிரம்பிய குழாயில் சாக்கடைத் தண்ணீரை மெதுவாக விட்டார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. சுமார் 20 நாள் ஆனது. பிறகு அம்மோனியா மறைந்து, நைட்ரேட்டு வந்தது. குளோரோபாரம் விட்டார்கள். அந்த வேலை நின்றுவிட்டது! ஆகவே, இது உயிருள்ள ஒன்றின் வேலை என்று தெரிந்தது. பிறகு மண் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் விட்டார்கள். வேலை திரும்பத் தொடங்கியது. அந்த மண் தண்ணீர்தான் உறை மோர்!

அந்த உயிர்களைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியவர், ரஷிய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி. அது 1890-ம் ஆண்டில் நடந்தது. இவ்வளவு காலம் ஆகிவிட்டது. ஆனாலும், கடையில் பில்ட்டர் வாங்கும்போது இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

எங்கள் ஊர் பாடம்

காரைக்கால்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். எங்கள் ஊரே அப்படித்தான் கை மாறியது.

1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி, காரைக்கால் நிர்வாகம் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவிடம் வந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆனது, 1956-ம் ஆண்டு மே 28-ந் தேதி. சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது, 1962-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி. கிட்டத்தட்ட 8 ஆண்டுகள்! ஒரே இரவில் பழையது எல்லாவற்றையும் எறிந்துவிடவில்லை. புதியது கால் ஊன்றும் வரை, பழையதும் கூட இருந்தது.

ஊருக்கு 8 ஆண்டு பொறுத்தோம். மீன் தொட்டிக்கு 6 வாரம் பொறுக்க மாட்டோமா?

எப்படி மாற்றுவது?

பில்ட்டரை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பழைய மோட்டார் எரியும். சத்தம் போடும். மீன் பெரிதானால் பெரிய பில்ட்டர் வேண்டும். மாற்றுங்கள். ஆனால், முறையாக மாற்றுங்கள்.

ஒன்று: புது பில்ட்டரைப் பழைய பில்ட்டரின் பக்கத்தில் மாட்டுங்கள். இரண்டும் 4 முதல் 6 வாரம் சேர்ந்து ஓடட்டும். பிறகு பழையதை எடுங்கள். எல்லாவற்றிலும் நல்ல வழி இதுதான்.

இரண்டு: இடம் இல்லையா? பழைய பில்ட்டர் ஓடவில்லையா? அப்படியானால், பழைய ஸ்பாஞ்சை எடுத்து, புது பில்ட்டரின் உள்ளே வையுங்கள். முழுதாக நுழையாவிட்டால், வெட்டி வையுங்கள். அதுவும் முடியாவிட்டால், பழைய ஸ்பாஞ்சைப் புது ஸ்பாஞ்சின் மேல் நன்றாகப் பிழியுங்கள். தண்ணீர் கலங்கும். பயப்பட வேண்டாம். சில மணி நேரத்தில் தெளிந்துவிடும்.

மூன்று: ஸ்பாஞ்சைக் குழாயில் காட்டிக் கழுவாதீர்கள். குளோரின் நல்ல பாக்டீரியாவைக் கொல்லும். தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து, அதில் இரண்டு முறை பிழிந்தால் போதும். ஸ்பாஞ்சு வெள்ளையாக வேண்டியதில்லை. தண்ணீர் ஓடினால் சரி.

நாலு: ஒரே நாளில் இரண்டு வேலை செய்யாதீர்கள். பில்ட்டர் மாற்றும் வாரத்தில் கல்லைக் கழுவாதீர்கள். தண்ணீர் முழுவதையும் மாற்றாதீர்கள். புது மீன் விடாதீர்கள்.

ஐந்து: அந்த வாரங்களில் தீனியைப் பாதியாகக் குறையுங்கள். தீனி குறைந்தால் நஞ்சும் குறையும். குழந்தைகள் ஆசையாகப் போடுவார்கள். அன்பாகச் சொல்லித் தடுங்கள்.

ஆறு: அம்மோனியா, நைட்ரைட்டு பார்க்கும் சோதனைப் பெட்டி, மீன் கடைகளில் கிடைக்கும். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஏறினால், அன்றே தொட்டித் தண்ணீரில் கால் பங்கை மாற்றுங்கள். மாற்றும் தண்ணீர் ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீராக இருக்கட்டும்.

ஏழு: நைட்ரைட்டு ஏறினால், 100 லிட்டருக்கு 100 கிராம் கல் உப்பு கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். நைட்ரைட்டு செவுளில் நுழைவதை உப்பு தடுக்கும். தங்க மீன் தாங்கும். செடியும், சில கெளுத்தி வகைகளும் தாங்கா. பார்த்துச் செய்யுங்கள்.

எவ்வளவு பெரிய பில்ட்டர் வாங்குவது? ஒரு கன அடி என்பது 28 லிட்டர். எங்கள் தொட்டி நாலரை கன அடி. கல்லும், மேலே விட்ட இடமும் போக, சுமார் 110 லிட்டர். ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீர் நாலைந்து முறையாவது பில்ட்டர் வழியே போய்வர வேண்டும். ஆகவே, மணிக்கு 500 லிட்டர் இழுக்கும் பில்ட்டர் போதும். தங்க மீன் நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். அதற்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் நல்லது.

வெயிலும், மின்வெட்டும்

நம் பக்கத்தில் இரண்டு தொல்லை உண்டு.

ஒன்று வெயில். தண்ணீர் சூடானால் பிராணவாயு குறையும். 20 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் 9 மில்லிகிராம் பிராணவாயு இருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான் இருக்கும். அது மட்டும் அல்ல. சூடு ஏற ஏற, காரத்தன்மை கூடக் கூட, அம்மோனியாவின் விஷமும் ஏறும். நான் மே மாதத்தில் பில்ட்டர் மாற்றியது, பட்ட காலிலே பட்டது போல ஆயிற்று. முடிந்தால் மழைக்காலத்திலோ, மார்கழி, தை மாதங்களிலோ மாற்றுங்கள்.

இன்னொன்று மின்வெட்டு. 2018-ம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. டெல்டாவில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. பில்ட்டர் நின்றால், மூடிய டப்பாவுக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்குச் சில மணி நேரத்தில் மூச்சு முட்டும். மின்சாரம் வெகு நேரம் வராது என்று தெரிந்தால், ஸ்பாஞ்சை வெளியே எடுத்துத் தொட்டித் தண்ணீரில் போட்டு வையுங்கள். மின்சாரம் வந்ததும், டப்பாவில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிறகு ஓட்டுங்கள்.

"எனக்கு ஒன்றும் ஆகவில்லையே!"

சிலர் இப்படிச் சொல்வார்கள். "நான் பில்ட்டரைச் சட்டென்று மாற்றினேன். என் மீன் நன்றாக இருக்கிறது" என்பார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. பெரிய தொட்டி, கொஞ்சம் மீன், நிறையச் செடி, கழுவாத கல் -- இவை இருந்தால் தப்பிக்கலாம். கல்லில் இருக்கும் பாக்டீரியா காப்பாற்றிவிடும். செடியும் அம்மோனியாவை உறிஞ்சும். ஆனால், சிறிய தொட்டியில் பெரிய மீன்களை அடைத்து வைத்திருப்பவர்களே நம்மில் அதிகம். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சாலையைக் கடந்துவிட்டார் என்பதற்காக, எல்லோரும் கண்ணை மூடலாமா?

பாக்டீரியாவைப் புட்டியில் அடைத்து விற்கிறார்கள். சில புட்டி வேலை செய்யும். சில செய்யாது. வெயிலில் கிடந்த புட்டியில் உயிர் இருக்குமா? அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். உங்கள் பழைய ஸ்பாஞ்சுக்குக் காசு இல்லை. அதில் உயிர் இருப்பதும் நிச்சயம்.

யார் சொல்ல வேண்டும்?

என் கருத்து இதுதான்.

கடைக்காரர்கள் சொல்ல வேண்டும். பில்ட்டர் பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் என்னென்னவோ எழுதியிருக்கிறது. தமிழில் ஒரு துண்டுக் காகிதம் போடக் கூடாதா? "பழைய பில்ட்டரை உடனே எடுக்காதீர்கள். ஆறு வாரம் சேர்த்து ஓட்டுங்கள்." இரண்டே வரி! இதனால் வியாபாரம் கெடாது. மீன் செத்து, மனம் உடைந்தவர் தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுவார். மறுபடி கடைப்பக்கம் வரமாட்டார். மீன் பிழைத்தால், வாடிக்கையும் பிழைக்கும்.

மீன்வளத் துறையும் சொல்ல வேண்டும். சென்னைக் கொளத்தூரில் வண்ண மீன் வளர்த்துப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. நம் பக்கத்திலும் வீட்டுக் கொல்லையில் வளர்த்து விற்கலாம். அப்படி வளர்க்கும் பெண்களுக்கு, ஒரு தொட்டி செத்தால் ஒரு மாத வருமானம் போகும். அவர்களுக்கு இந்தப் பாடம் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்திலும் சொல்லலாம். ஒரு தொட்டி வைத்து, வாரம் ஒரு முறை அம்மோனியாவை அளந்து, பலகையில் எழுதினால் போதும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நம்மைக் காப்பாற்றுகின்றன என்று குழந்தைகள் தெரிந்துகொள்வார்கள். வயலில் அம்மோனியா உரத்தை நைட்ரேட்டு ஆக்குவதும் இத்தகைய பாக்டீரியாதான். ஊர்ச் சாக்கடையைச் சுத்தம் செய்யும் நிலையங்களிலும் இவற்றுக்கு வேலை உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் இருக்கும் நாம் அவசரப்படாமல் இருக்க வேண்டும். அழுக்கு வேறு, உயிர் வேறு. கறுத்திருப்பது எல்லாம் கெட்டது அல்ல. பளபளப்பது எல்லாம் நல்லதும் அல்ல.

எங்கள் தொட்டியில் ஒரு மீன் தப்பியது. தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றினோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், கொஞ்சமாகத் தீனி போட்டோம். பக்கத்துத் தெருவில் மீன் வளர்க்கும் நண்பர் ஒருவர், தம் பில்ட்டரிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்சு வெட்டிக் கொடுத்தார். நோய் இல்லாத தொட்டி என்று தெரிந்த பிறகே வாங்கினேன். ஈரம் காயாமல், தொட்டித் தண்ணீரோடு தூக்குவாளியில் கொண்டுவந்து, புது பில்ட்டருக்குள் வைத்தேன்.

"உறை மோர் வாங்கி வந்தீர்களா?" என்று கேட்டாள் மனைவி.

பத்து நாளில் அம்மோனியா இறங்கியது. மூன்று வாரத்தில் நைட்ரைட்டும் போய்விட்டது. மீன் மேலே வந்து தீனி கேட்டது.

மகள் இப்பொழுது அந்தத் தொட்டிக்குக் காவல்காரி. யாராவது ஸ்பாஞ்சைக் கையில் எடுத்தால், "குழாயில் கழுவாதீங்க!" என்று ஓடி வருகிறாள்.